கரியடுப்பும் ஒரு தட்டுச் சர்க்கரையும்

இரண்டாயிரத்து ஏழாம் வருடம், கார்த்திகை மாதத்து மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். நாங்கள் அப்போது கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். என் கணவர் அந்த வருடம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஒரு கம்பெனியின் ஊழியர் பஸ்ஸை ஓட்டியே காலம் தள்ளியவர் அவர். விடிந்தால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஆட்களை ஏற்றிப் போவார்; பொழுது சாய்ந்தால் அதே வழியில் இறக்கிவிட்டு வருவார். இத்தனை வருஷம் மற்றவர்கள் போகிற இடத்துக்கு ஓட்டினேன், இனிமேல் நான் போகிற இடத்துக்கு ஓட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

நான் வீட்டிலேயே தையல் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. என் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறவர்களிடம்தான் எல்லாம் கற்றேன். யார் எதைச் சுவையாகச் சொன்னாலும் மனசில் ஒட்டிக்கொள்ளும். ரவிக்கை தைக்க வரும் ஓர் அக்கா சொல்வார்: "ரிட்டயர் ஆன வீட்டுக்காரர், ஹால் நடுவுல வெச்ச பீரோ மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கும்." அதைக் கேட்டுச் சிரித்த நான், எங்கள் வீட்டு பீரோ ஒரு பழைய வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியபோது சிரிக்கவில்லை.

பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பலகை அடித்து, மெத்தை போட்டார். ஊர் ஊராகப் போய் வேனிலேயே தங்குவது, வேனருகிலேயே சமைப்பது என்று திட்டம். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மகள் இதைக் கேட்டுக் குஷியாகி, அங்கே வயதானவர்கள் வீடு மாதிரி வண்டியில் ஊர் சுற்றுகிற படங்களை அனுப்பினாள். ஒரு படத்தில், வண்டிக்குப் பக்கத்தில் மூடி போட்ட கறுப்பு அடுப்பு ஒன்று. உள்ளே கரி கனன்று, அந்தப் புகையிலும் சூட்டிலும் இறைச்சி மெதுவாக வேகுமாம். ஸ்மோக்கர் என்று பெயராம். அவ்வளவுதான், மனுஷன் தூக்கத்தில்கூட அதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்.

அடுப்பு தேடி அலைந்த கதையை எழுதினால் தனியாக ஒரு புத்தகம் ஆகும். தி. நகரில் ஒரு கடையில் கரண்டில் ஓடுவது இருந்தது. சவுக்குத் தோப்பில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கும் என்று கேட்டேன், இவர் அடுத்த கடைக்கு நடையைக் கட்டினார். இன்னோரிடத்தில் சின்ன சிலிண்டர் வைத்தது. தலைமாட்டில் கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு என்னால் கண்ணை மூட முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். கரி என்றால் பயமில்லை, நமக்குப் பழகியது, அணைந்தால் சாம்பல், அவ்வளவுதானே என்றுதான் நினைத்தேன். பாதுகாப்பு என்று நினைத்துக் கரியடுப்பைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

கடைசியில் பம்மலில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தோம். பட்டறைக்கார பாய் ஒரு சின்ன டிரம்மைப் படுக்கவைத்து அறுத்து, கீல் வைத்து, உள்ளே கம்பி வலை போட்டு, மூடியில் காற்றுப் போக ஓட்டையும் அதை அடைக்க ஒரு தகடும் வைத்துக் கொடுத்தார். பலகைக்கு அடியில் நுழைய வேண்டும், நான் ஒருத்தியே தூக்குகிற கனம்தான் இருக்க வேண்டும் என்றேன் நான். மூடி சிக்கென்று உட்கார வேண்டும் என்றார் இவர். மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, இவர் பார்த்துக்கொண்டே இருக்க, பாய் பொறுமை இழந்துவிட்டார்.

"அண்ணே, இதுல கறி வேகும், கோழி வேகும். ரயில் மட்டும் ஓடாது. எடுத்துட்டுப் போங்க."

முதல் பயணமாகத் தொலைவு எங்கும் போக வேண்டாம், கோவளம் தாண்டிக் கடலோரமாக ஒரு நாள் இருந்துவிட்டு வருவோம் என்று கிளம்பினோம். சாலையிலிருந்து இறங்கும் மண்பாதையில் ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் சவுக்குமரங்கள், அதற்கும் பின்னால் கடல். கடைக்காரப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். வண்டியை மரத்தடியில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். இவர் அடுப்பை இறக்கிக் கரியைப் பற்றவைத்ததும் ஓடி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாக்கா இது, பொட்டிக்குள்ள அடுப்பா? அண்ணன் கண்டுபுடிச்சதா?"

இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மசாலா தடவிய கொடுவா மீன் அந்தப் பெட்டிக்குள் மெதுவாக வெந்தது. மூடியைத் திறந்தபோது வந்த வாசனையை இப்போதும் என்னால் சொல்லில் பிடிக்க முடியவில்லை. முதல் துண்டை எங்கள் எவர்சில்வர் தட்டில் வைத்து அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடலாண்டை இருக்கிற எங்களுக்கே மீனா என்று கேலி செய்துவிட்டு, வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

நாங்களும் சாப்பிட்டு முடித்தோம். மதியம் தாண்டியிருக்கும். வானம் சட்டென்று இருண்டு, மழை சரசரவென்று இறங்கியது. எல்லாவற்றையும் அள்ளி வேனுக்குள் போட்டோம். அடுப்பு மட்டும் வெளியே நின்றது. உள்ளே கொஞ்சம் கரி இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. புதுத் தகடு, ஒரே மழையில் துருப்பிடித்துவிடும் என்று இவருக்குத் தாங்கவில்லை. புதுமாப்பிள்ளையை மழையில் நிறுத்தியதுபோல முகம் வாடிப்போயிற்று. மூடியைப் போட்டு, ஓட்டையையும் அடைத்தார். புகை ஒரு இழைகூட வரவில்லை. "பாத்தியா, அதுவே அணைஞ்சிடும்" என்று, நனைந்த சாக்கைப் பிடித்துக்கொண்டு அடுப்பை உள்ளே தூக்கி வைத்தார். சாரல் அடிக்கிறதென்று நான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். வயிறு நிறைந்த களைப்பு, கூரையில் மழைச் சத்தம், உள்ளே இதமான சூடு. இரண்டு பேரும் படுத்தோம்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். ஒரு கட்டத்தில் விழிப்பு வந்தது. தலை பாறாங்கல்லாகக் கனத்தது. தாகமாக இருந்தது. எழுந்து தண்ணீர் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன், கை வரவில்லை. பயம் வர வேண்டும் இல்லையா? வரவில்லை. சரி, அப்புறம் குடிப்போம் என்று தோன்றியது. பக்கத்தில் இவர் குறட்டை விடாமல் படுத்திருந்தார். குறட்டை இல்லாமல் இவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கும் என் உடம்பு சிலிர்ப்பது அந்த அமைதியை நினைத்துத்தான். சாவு அவ்வளவு மரியாதையாக, இருமல்கூட இல்லாமல் வந்து பக்கத்தில் உட்காரும் என்று எனக்குத் தெரியாது.

கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. டீக்கடைப் பெண்ணின் குரல்.

"அக்கா, தூங்கறியா?"

ஆமாம், தூங்குகிறேன், போ என்று மனசுக்குள் சொன்னேன். வாய் திறக்கவில்லை. இன்னொரு முறை தட்டினார். அப்புறம் சத்தம் நின்றது. போய்விட்டார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

பிறகு கதவு சரிந்து திறந்தது. மழையும் கடல்காற்றும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. என் முகத்தில் தண்ணீர் அடித்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்த அவர் குரலெடுத்துக் கூப்பிட, கடைத் தாழ்வாரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் ஓடி வந்தார். இரண்டு பேருமாக எங்களை இழுத்து வெளியே மணலில் போட்டார்கள். மழையில் மல்லாந்து கிடந்தேன். அன்றைக்கு நெஞ்சுக்குள் போன காற்றின் ருசி, அந்த மீனைவிடப் பெரிய ருசி. இவர் குப்புறத் திரும்பி வாந்தி எடுத்தார். உயிர் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. வாந்தியைப் பார்த்து நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

தெரிந்த ஒருவரின் ஆட்டோவில் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் முதலில் கேட்டது, அடுப்பை உள்ளே வைத்தீர்களா என்பதைத்தான். அரைகுறையாகக் கனலும் கரியிலிருந்து ஒரு விஷவாயு வருமாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடி வைத்தாலும் இடுக்கு வழியாகக் கசிந்துகொண்டே இருக்குமாம். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் என்று தொடங்கியவர், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பெண் நனைந்த புடவையோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தெம்பு வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு ஆபத்து என்று எப்படியம்மா தெரிந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். பெட்டிக்குள் கரி இருந்ததுகூட அவருக்குத் தெரியாதாம்.

"உன் தட்டக் குடுக்க வந்தேன்க்கா. வெறுந்தட்டா எப்டிக் குடுக்கறது? வூட்ல ஒண்ணும் இல்ல, சக்கரதான் இருந்துச்சு. அத்தப் போட்டு மேல இன்னொரு தட்டக் கவுத்து எடுத்தாந்தேன். மழ விட்டா நீங்க கெளம்பிடுவீங்கன்னு ஓடியாந்தேன். தூங்கறீங்க, சரி, வாசல்ல வெச்சிட்டுப் போலாம்னு பாத்தா, சக்கர கரஞ்சிடும். அதான் உள்ள வெப்போம்னு கதவத் தொறந்தேன்."

சொல்லிவிட்டு, கதவைக் கேட்காமல் திறந்ததற்கு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே அக்கா என்றும் சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

அந்த அடுப்பு இன்னமும் எங்களிடம் இருக்கிறது. கரி முழுக்க ஆறிச் சாம்பலைக் கொட்டிய பிறகுதான் வண்டியில் ஏறும். மழையோ துருவோ, அது பட்ட பாடு. நாங்கள் அதற்கப்புறம் ராமேஸ்வரம் போனோம், கன்னியாகுமரி போனோம், பார்த்த அதிசயங்கள் எத்தனையோ. ஆனால் எதைப் பார்த்தும் நான் அன்றுபோல வியந்ததில்லை. யாரையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்காமல், வாங்கிய தட்டை வெறுமனே திருப்பித் தர மனம் வராத ஒரு பெண் மழையில் ஓடி வந்தார் என்பதால், இரண்டு பேர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். மனிதர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் சின்ன முறைகளுக்குள் எத்தனை உயிர்கள் தெரியாமல் தங்கியிருக்கின்றனவோ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.