மூன்று படையும் மூன்று பொட்டலமும்

மதுரையில் தரைப்படை, கப்பற்படை, விமானப்படை மூன்றுக்கும் ஒரே நாளில் ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் வாத்தியார் சொன்னார். எல்லைக்குப் போகாமலே எங்கள் வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. ஒரே நாள் என்பதால் ஏதாவது ஒரு வரிசையில்தான் நிற்க முடியும்.

எனக்குக் கப்பல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பூகோளப் பாடத்தில் உலகப்படத்தை விரித்தால் முக்கால்வாசி நீலம். அந்த நீலத்தை நேரில் பார்த்துவிட வேண்டும். இதற்கு மேல் என்னிடம் காரணம் கிடையாது.

அப்பாவுக்குத் தரைப்படை. “நான் ஒரு மழைக்கு வானத்தப் பாத்துக் கெடக்கேன். இவன் தண்ணி மேலயே நிக்கப் போறானாம்! ஏலே, நம்ம கெணத்த விட்டா நீ எந்தத் தண்ணியில எறங்கியிருக்க?” என்பார். போதாததற்கு, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கூடை இறக்கிய கடையிலெல்லாம் மகன் தரைப்படைக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தார். சொன்ன சொல்லை மாற்றுவது அவருக்கு ஆகாது.

விமானப்படையை யாரும் கேட்கவில்லை. பாவம், அதையும் சேர்த்துக்கொண்டோம்.

கடைசியில் அம்மன் கோயிலில் பூக்கேட்டுப் பார்ப்பதென்று முடிவானது. கிணறு வெட்டுவதானாலும் சம்பந்தம் பேசுவதானாலும் எங்கள் பக்கம் அப்படித்தான். ஒவ்வொரு வழிக்கும் ஒரு பூவை இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். எடுத்தது சாமி வாக்கு.

செவ்வந்தி தரைப்படை, மல்லிகை மொட்டு கப்பல், கோழிக்கொண்டை விமானம் என்று அப்பா பூசாரியிடம் சொல்லிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் போய்த் தனியே மடித்து வந்தார். வாசனை காட்டிக்கொடுக்காமல் இருக்க மூன்றிலும் மரிக்கொழுந்து வைத்திருந்தார். பூசாரி அசந்துபோனார்.

“சரி, யாரு எடுக்குறது?”

“பெத்தவ எடுக்கட்டும்” என்றார் அப்பா.

அம்மா கும்பிட்டுவிட்டு ஒரு பொட்டலத்தைத் தொட்டாள், விட்டாள். அடுத்ததைத் தொட்டாள், விட்டாள்.

“என்ன தாயி, கத்திரிக்காயா பொறுக்குற?” என்றார் பூசாரி.

மூன்றாவதை எடுத்தாள். பிரித்தால் மல்லிகை.

“ஆத்தாளே சொன்ன பெறகு நாம யாரு?” என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மறுநாள் மார்க்கெட்டிலும் அதையே சொன்னார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அன்று கோயிலிலிருந்து திரும்பும் வழியிலேயே அம்மாவிடம் மெதுவாகக் கேட்டிருந்தேன்: “தெரிஞ்சுதான எடுத்த?”

“வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து பூக் கட்டுற கை, அப்பு. இலைக்குள்ள இருந்தா மொட்டுத் தெரியாதாக்கும்? உங்கப்பாகிட்டச் சொல்லிப்புடாத. மனுசனுக்குச் சாமி நம்பிக்கை போயிரும்.”

நான் சொல்லவில்லை. மதுரையில் கப்பற்படை வரிசையில் நின்றேன். தேறினேன்.

கிளம்பும் நாளில் திண்டுக்கல் ரயிலடியில் அப்பா என் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார். அம்மா சற்றுத் தள்ளிக் குழாயில் எனக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏலே, அன்னைக்குப் பூசாரியவே எடுக்கச் சொல்லியிருக்கலாம்ல? உங்கம்மாவ ஏன் எடுக்கச் சொன்னேன்?”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரே பதிலும் சொன்னார்:

“அவ கை எனக்குத் தெரியாதா? நீ கப்பல் கப்பல்னு சோறு திங்காமக் கெடந்தா நான் என்னதான் செய்யிறது?” குழாய்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “அவகிட்டச் சொல்லிப்புடாத.”

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் முதல் கடிதம் எழுதினேன். கடல் காலையில் நீலமாக இல்லை, சாம்பல் நிறம் என்று எழுதினேன். ‘அம்மன் அருளால்’ என்று தொடங்க மட்டும் மறக்கவில்லை.