மாமன் மடி

என் மகளுக்கு ஐந்து வயது. வகுப்பில் காது குத்தாத பெண் பிள்ளை அவள் மட்டும்தான். விவாகரத்து வழக்கு முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். வழக்கு முடிந்துவிட்டது. காது அப்படியே இருக்கிறது.

"எங்க கொலசாமி கோயில்லதான் குத்தணும்" என்கிறார் அவள் அப்பா.

"அந்தக் கோயில் வாசல மிதிக்க மாட்டேன்" என்கிறான் என் தம்பி. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் காது குத்த மாட்டார்கள்.

இன்று பொறுமை இழந்து, இருவரிடமும் சொல்லாமல் அவளைக் கீரனூரில் ஒரு நகைக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

ஆசாரி கேட்டார்: "தாய்மாமன் எங்கத்தா? வண்டிய நிறுத்திட்டு வாராரா?"

"வரலைங்க. நானே மடியில வச்சுக்கிறேன்."

"அதெப்புடித்தா? நாளைக்கு ஒங்க ஆளுக எங்கிட்டல்ல சண்டைக்கு வருவாங்க. அவரக் கூட்டிக்கிட்டு வாங்க, குத்திருவோம்."

"எங்கப்பா மடி இருக்கே, அது ஆகாதா?" என்று கேட்டாள் மகள். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

பள்ளி நாளில் பிள்ளை யாரிடம், விடுமுறையில் யாரிடம் என்பதையெல்லாம் நீதிமன்றத்தில் பேசி முடித்தோம். மடியைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றவில்லை.

வரும் ஞாயிறன்று அவள் அப்பா வீட்டுக்குப் போவாள். போனதும் நகைக்கடைக் கதையைத்தான் சொல்வாள். அங்கே ஒரு சண்டை நடக்கும். அது தம்பி காதுக்கு வந்ததும் இங்கே ஒன்று நடக்கும். பிள்ளையிடம் பொய் சொல்லச் சொல்லவும் மனம் வரவில்லை.

அதற்குள் ஒரு நாள் இரவலுக்குத் தம்பியைத் தர யாராவது இருக்கிறீர்களா? தாய்மாமன் சீரை நானே வாங்கிவிடுகிறேன்.