பதினான்கு முதுகுகள்

நெட்சாய் முதலில் செதுக்கியதெல்லாம் யானையும் கொக்கும்தான். குருவே என்ற ஊரின் மலையடியில், ரோட்டோரம் வரிசையாக வைத்தால் போகிற வண்டிகளில் ஒன்றிரண்டு நிற்கும். பேர்பெற்ற சிற்பி அவள் கணவர் ஜைரோஸ். அவர் கை நடுங்க ஆரம்பித்ததும் உளியை இவள் எடுத்துக்கொண்டாள். கல்லின் அடியில் மட்டும் அவர் பெயரையே வெட்டினாள். வாங்க வருகிற மகராசர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தானே! நாளடைவில் அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் அடிபம்பில் தண்ணீருக்கு நின்றபோது, முன்னால் நின்றவளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அந்த முதுகை மட்டும் செதுக்கினாள். முகமும் இல்லை, கையும் இல்லை. அடுத்த கல்லில் இன்னொருத்தியின் முதுகு வந்தது. மூன்றாவதைத் தீயில் சுட்டு, பளபளக்க மெழுகு தேய்த்து, மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தாள். மூன்று கல்லும் சேர்ந்து தண்ணீருக்கு வரிசையில் நின்றன. இனி யானை வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தாள்.

ஏழு வருடம் ஓடியது. நடுவில் ஒரு கல் மிக அழகாக அமைந்துவிட்டது. அதைச் சம்மட்டியால் உடைத்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா? அதை வித்திருந்தா ரெண்டு மூட்டை மாவு வாங்கியிருக்கலாமே!" என்று கத்தினார் ஜைரோஸ்.

"வாங்கியிருக்கலாம். ஆனா அவ இந்த வரிசையில நிக்க மாட்டேங்கிறாளே, என்ன செய்ய?"

பதினான்கு தேறின. ஹராரேயில் காட்சிக்கூடம் நடத்தும் ஒரு பெண் வந்து பதினான்கையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒண்ணைக்கூடத் தனியா குடுத்துடாதீங்க. பதினாலும் ஒரே அறையில நிக்கணும். ஜூன்ல லாரி அனுப்புறேன். அடியில இருக்கிற அவர் பேரைச் சுரண்டிட்டு உங்க பேரை வெட்டிடுங்க."

உயிரோடு இருக்கிற மனுஷன் பெயரை இரும்பால் சுரண்டுவதா? சாவைக் கூப்பிடுவது போலல்லவா ஆகும்! நெட்சாய்க்குக் கை வரவில்லை. மார்ச்சில் ஜைரோஸ் தானாகவே போய்ச் சேர்ந்தார். பங்கு பிரிக்கும் வரை செத்தவர் பெயருள்ள பொருளைத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவளும் தொடவில்லை.

மே மாதத்தில் உறவெல்லாம் கூடியது. அவருடைய கோட்டு, செருப்பு எல்லாவற்றையும் பாயில் பரப்பி, அவர் அக்கா மகன் ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். பிறகு முற்றத்துக் கற்களைக் காட்டினான்.

"அது என்னோடது. என் கையால செஞ்சது" என்றாள் நெட்சாய். பெண் தன் கையால் செய்தது அவளுக்கே என்பதும் எங்கள் வழக்கம்தான். அவன் ஒரு கல்லைப் புரட்டினான்.

"இதுல மாமா பேருல்ல இருக்கு, அத்தை?"

நெட்சாய் நாத்தனாரைப் பார்த்தாள். ஏழு வருடமும் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் தேய்க்கத் தேய்க்கக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றியவள்.

"அண்ணி, நீங்க பார்த்தீங்கல்ல? சொல்லுங்க."

"என் தம்பி பேரை அழிங்கன்னு என் வாயால எப்படிச் சொல்வேன்? அவனுக்கு மிச்சம் அது ஒண்ணுதானே, நெட்சாய்" என்று அழுதாள் நாத்தனார். கண்ணீர் உண்மைதான். பார்த்ததைச் சொல்லாததும் உண்மைதான்.

நெட்சாய் மண்டியிட்டாள். "சரி, எனக்கு வேணாம். என் பேரும் வேணாம். பதினாலையும் யாராவது ஒருத்தரே எடுத்துக்குங்க. பிரிச்சு மட்டும் போட்டுடாதீங்க!"

"எல்லாம் ஒருத்தருக்கேன்னா, மத்தவங்கல்லாம் அவருக்கு யாரு?" என்று ஒரு கிழவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்று சின்ஹோயி ஊருக்குப் போகும் பஸ்ஸின் கூரையில் ஏறியது. ஒன்று கதவுக்கு முட்டுக் கொடுக்க ஆகும் என்று தள்ளுவண்டியில் போனது. கடைசியாக மிஞ்சியதை அக்கா மகன் தூக்கி வந்து அவள் முன் வைத்தான்.

"இது உங்களுக்கு, அத்தை. மாமா ஞாபகமா வெச்சுக்குங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெட்சாய் வழக்கப்படி இரண்டு கையையும் குவித்து மெல்லத் தட்டி, நன்றி சொல்லி, அதை வாங்கிக்கொண்டாள்.