பேச்சி பெருக்கிய கூண்டு

பேச்சி செத்துப்போனாள். காலையில் காய் வாங்கப் போன இடத்தில் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், அதற்குள் ஊரே அழுது முடித்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி, ஆழ்ந்த இரங்கல், கைகூப்புகிற பொம்மை...

"விலங்குகளைத் தன் பிள்ளைகளாகப் பார்த்தவர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதியவரை எனக்குத் தெரியும். எங்கள் பூங்காவுக்கு வந்தால் சிறுத்தைக் கூண்டைத் தாண்டி ஒரு நாளும் நடந்தவர் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இரங்கல் என்று எனக்கும் பிழையில்லாமல் எழுத வரும். எழுதப் போவதில்லை.

எல்லாரும் போட்டிருப்பது ஒரே படம். பேச்சி விளக்குமாறோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் கம்பிவலை, அதற்குள் ஒரு சருகுமான்.

அந்தப் படத்தை எடுங்கள். மரியாதையாகச் சொல்கிறேன்... எடுத்துவிடுங்கள்.

தெரியாதவர்களுக்கு: நானும் அவளும் மணிமுத்தாறு போகிற வழியில் ஒரு சின்ன விலங்குப் பூங்காவில் கூண்டு பார்க்கிற வேலையில் இருந்தோம். இப்போது அது மூடிக் கிடக்கிறது. அவளுக்கு மயிலும் முயலும். எனக்கு மரநாய், முள்ளம்பன்றி, சருகுமான்... ஆள் வராத வரிசை.

சருகுமானுக்குக் கொம்பு கிடையாது. முயல் அளவுதான் உடம்பு. முதுகில் வெள்ளைப் புள்ளி, பென்சில் மாதிரி கால். காய்ந்த இலைக்குள் உட்கார்ந்துவிட்டால் நானே தேட வேண்டியிருக்கும்.

அதனால் கூண்டு நிறையச் சருகு அள்ளிப் போட்டு வைத்திருப்பேன். வருகிறவர்களுக்கு அது ஆகாது.

"காலிக் கூண்டுக்கு எதுக்கும்மா போர்டு?"

"கொஞ்ச நேரம் சத்தம் போடாம நில்லுங்க, தெரியும்" என்பேன். நிற்க மாட்டார்கள். கடலைத் தோலை வலைக்குள் எறிந்துவிட்டு முதலை பார்க்கப் போய்விடுவார்கள்.

பேச்சிக்கும் ஆகாது. அவளுக்குச் சுத்தம் ஒரு வியாதி. அவள் கூண்டுத் தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம், அதை நான் மறுக்கவில்லை.

"ஏட்டி, இது என்ன கூண்டா, குப்பைக் கிடங்கா? நாலு பேரு வந்து போற இடம்."

"குப்பைங்காத. அதுக்கு அதுதான் வீடு."

"ஒன் வீட்டையும் இப்படித்தான் போட்டு வச்சிருப்பே."

"வந்து பாரு. எம் பேத்தி பள்ளிக்கூடத்துல வாங்குன கப்பு வரிசையா இருக்கும். ஒன் வீட்டுல என்ன இருக்கு, விளக்குமாறுதான?"

இப்படிப் பேசிவிட்டு மத்தியானம் ஒன்றாகத்தான் தூக்குவாளியைத் திறப்போம். அவள் வைக்கிற சுண்டவத்தல் குழம்பு... சரி, அதைச் சொல்லி என்ன.

ஒரு பொங்கலை ஒட்டிக் களக்காட்டில் என் பேரனுக்குக் காதுகுத்து. லீவு சொன்னேன். என் கூண்டுகளை அவளிடம் ஒப்படைத்தார்கள்.

"இலையும் பழமும் மட்டும் வை பேச்சி. வேற எதையும் தொடாத."

"போ ஏட்டி... எனக்குத் தெரியாதாக்கும்."

பொங்கலுக்கு நம் ஊரில் எந்த வாசல் பெருக்காமல் கிடக்கும்? பேச்சி அத்தனை சருகையும் கூட்டி அள்ளி எரித்துவிட்டாள். தரைக்குத் தண்ணீர் தெளித்து, கூண்டுக்கு முன்னால் கோலமும் போட்டிருக்கிறாள். செம்மண் கரை கட்டி!

மறுநாள் கரிநாள், ஊரே சுற்றிப் பார்க்கக் கிளம்புகிற நாள். நல்ல கூட்டம். முதல் தடவையாக எல்லாருக்கும் சருகுமான் தெரிந்திருக்கிறது. வலையைச் சுற்றிச் செல்போன், விசில். யாரோ பேச்சியையும் கூப்பிட்டு நிற்க வைத்து எடுத்திருக்கிறார். அதுதான் நீங்கள் போட்டிருக்கிற படம்.

படத்தைப் பெரிதாக்கி அதன் கண்ணைப் பாருங்கள். ஒளிய ஓர் இலை கிடையாது. பொழுது அடையும் வரை வலையில் போய் மோதிக்கொண்டே...

நான் வேலைக்குத் திரும்பியபோது அது சாக்குக்குள் இருந்தது.

"நல்லாத்தானட்டி இருந்துச்சு... எல்லாரும் பாத்தாவ" என்றாள் பேச்சி.

எல்லாரும் பாத்தாவளாம்.

அதோடு பேச்சு நின்றது. ஒரே பஸ்ஸில் வந்தாலும் நான் முன்னால், அவள் பின்னால்.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கூண்டு வாசலில் ஒரு மூட்டை சருகு கிடந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. தூக்கி வெளியே எறிந்தேன். உயிர் இல்லாத கூண்டுக்குச் சருகு எதற்கு?

இன்று காலை அவள் மகன் பதிவில், படத்தை எடு என்று கமெண்ட் போட்டிருந்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுவிட்டான்.

"பெரியம்மா, படத்தை எடுக்கச் சொல்லுதியளே..."

"ஆமா. வேற போடு."

"வேற இல்ல பெரியம்மா. ஆதார்ல உள்ளதுல அம்மையை எனக்கே அடையாளம் தெரியல. சிரிச்ச மாதிரி இது ஒண்ணுதான் இருக்கு."

அவனே மேலே பேசினான்.

"பிளெக்ஸ் கடையிலதான் நிக்கேன். மானை வெட்டிட்டு அம்மையை மட்டும் போடச் சொல்லட்டா?"

அந்த மானுக்கும் வேறு படம் கிடையாது.

"வெட்டாதலே" என்றேன். "ரெண்டையும் போடு."

மூன்று மணிக்கு அவளை எடுக்கிறார்களாம். நான் வரவில்லை. யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம்.

போ பேச்சி... அது உன் பின்னால்தான் நிற்கிறது.