வாப்பாவின் ஸ்ப்ரே பாட்டில்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் கண்ட வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. போட்டால் பத்து நிமிடம் ஓடும், பிறகு பொட்டென்று அணைந்துவிடும். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் அடித்து, ஊரே போர்வைக்குள் கிடக்க, அது மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். சென்னையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்ப வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி வரைதான் நேரம். தவறினால் ஒரு வருடம் வீட்டில் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கிற பெண்ணுக்கு எங்கள் தெருவில் என்ன ஏற்பாடு நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நீளப் படிவத்தை மூன்று முறை நிரப்பினாள். மூன்று முறையும் பாதியில் கம்ப்யூட்டர் அணைந்தது. உம்மாவின் போனில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் திங்கட்கிழமைதான் வருவேன் என்று சொல்லி, சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டை ஒரு சின்ன ட்யூபில் மட்டும் கொடுத்து, செய்முறையையும் அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அக்கா கம்ப்யூட்டர் டப்பாவைத் திறந்தாள். சூட்டை வாங்கி வெளியே விடுகிற, ஃபேனோடு சேர்ந்த ஹீட்சிங்கை நான்கு மூலையிலும் திருகி மெல்லத் தூக்கினாள். அதன் தகடுகளுக்கு நடுவே தூசி தலையணைப் பஞ்சாக அடைத்திருந்தது. பழைய டூத் பிரஷால் அதைத் தட்டி எடுத்தாள். அடிப்பக்கம் பழைய பேஸ்ட் சிமெண்டாகக் காய்ந்திருந்தது. கத்தி பட்டால் கீறிவிடும் என்று ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினாள். நடுவில் இருந்த செம்பு பளிச்சென்று வந்தது. நான் ஆசையாக விரலை நீட்டினேன்.

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்!"

இனி ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அலமாரியில் இருந்த பாட்டிலின் மூடியைச் சரியாகத் திருகவில்லை போல; எல்லாம் ஆவியாகிப் போயிருந்தது. மணி ஒன்று. ஜும்ஆ தொழுகை நேரம். எங்கள் தெருவில் ஒரு கடை பாக்கியில்லாமல் ஷட்டர் போட்டாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் வருவதற்குள் நேரம் ஓடிவிடும்.

"ஏட்டி, பீரோவுல சென்ட் இருக்கும். ஓடிப் போய் எடுத்துட்டு வா."

பீரோவில் இரண்டு இருந்தன. ஒன்று வாப்பா துபாயிலிருந்து வந்தபோது அடித்துக்கொண்ட ஸ்ப்ரே. அதில் ஆல்கஹால் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு தொழக்கூடாது என்பது உம்மாவின் கட்டளை. மற்றது சுத்தமான அத்தர். சுத்தம் செய்வதற்குச் சுத்தமானதைத்தானே கொடுக்க வேண்டும்? அறிவாளி நான், அத்தரை எடுத்துப் போனேன்.

அக்கா பதற்றத்தில் பாட்டிலைப் பார்க்காமலே துணியில் கவிழ்த்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் செம்பு வழவழத்தது.

"ஐயோ, இது எண்ணெய்லா! இதுக்கு மேல வச்சா சூடு எங்கட்டி இறங்கும்?"

"அதுலதான் ஆல்கஹால் கிடையாது" என்றேன் பெருமையாக.

அக்கா என்னை அடிக்கவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

தொழுது முடித்த உம்மா, தொழுகைத் துணியோடே வந்து பார்த்தாள். பீரோவைத் திறந்து அந்த ஸ்ப்ரேயை எடுத்து நீட்டினாள். அடியில் இரண்டு விரல் உயரம்தான் மிச்சம். வாப்பா திரும்பத் துபாய் போய் மூன்று வருடமாக அதை யாரும் தொட்டதில்லை.

"வாப்பாவோடதும்மா" என்றாள் அக்கா.

"தொழுகைக்குத்தான் ஆகாது. இதுக்கு ஆகும்லா? அடி."

அக்கா அடித்தாள், துடைத்தாள், மறுபடி அடித்தாள். எண்ணெய்ப் பசை முழுசாகப் போவதற்குள் பாட்டில் காலி. வீடு முழுக்க வாப்பா வந்து இறங்கிய மாதிரி மணந்தது. "வாப்பா வாசம், வாப்பா வாசம்" என்று நான் குதித்தேன். உம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அரிசி அளவு பேஸ்ட் வைத்து, ஹீட்சிங்கை அழுத்திப் பூட்டி, அக்கா சுவிட்சைப் போட்டபோது மணி ஒன்றரை. பத்தாவது நிமிடம் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. அணையவில்லை. இரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை, செய்த தப்புக்குப் பரிகாரமாக நானே வீட்டைப் பெருக்கினேன். உம்மாவின் தலையணைக்கு அடியில் அக்கா துடைத்த அந்தத் துணி கிடந்தது, கருப்புத் திட்டுத் திட்டாக. எடுத்துப் போய்ச் சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கினேன். உம்மா பார்த்துவிட்டு ஓடிவந்து, வாளியில் கைவிட்டு அதை வெளியே இழுத்தாள். மூக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு அடி.

உம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. ஒரு அழுக்குத் துணிக்காகவா என்று, அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.