ஜெயவேல் இல்லாத நாவல்

கொருக்குப்பேட்டையில் ரயிலேறி உட்கார்ந்ததும் ரமாபாய் மூக்குக்கண்ணாடியைப் புடவை முனையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்துவிடுவார். மீஞ்சூர் வரும்வரை தலை நிமிராது; அதே ரயிலில் எதிரே உட்கார்ந்து நான் தினமும் பார்க்கிறேன். அங்கே ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கிறார். வீடு வியாசர்பாடி குடியிருப்பில். ஐம்பத்து மூன்று வயதில் மாதம் மூன்று நாவல் படிக்கிறார்.

கதையில் வருகிறவர்களோடு பேசவும் செய்வார். "ஏம்மா, அந்தக் கொயந்தைக்கு எப்போதான் சோறு போடுவே?" என்று பக்கத்தைப் பார்த்து முணுமுணுப்பார்.

சில வாரங்களாக அவர் கையில் இருப்பது செங்குட்டுவனின் முதல் நாவல். ரமாபாயின் கணவர் ஜெயவேல் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர். நுரையீரல் கெட்டு ஒன்பது வருடத்துக்கு முன் இறந்துபோனார். அவரிடம் மாலையில் பாடம் படித்தவர்களில் ஒருவர் செங்குட்டுவன். "அண்ணனைப் பத்தித்தான் எழுதறேன் அண்ணி" என்று நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டு போனார்.

நாவலில் ஜெயவேல் இடுப்பில் கத்தி வைத்திருக்கிறார். வாய் திறந்தால் வசவு. கடைசியில் நடுத்தெருவில் வெட்டுப்பட்டுச் சாகிறார். ஒருநாள் ரமாபாய் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"கோயி அறுக்குற எடத்துல கூட நிக்க மாட்டாரு சார். சின்னப் பசங்களையும் வாங்க, போங்கன்னுதான் கூப்புடுவாரு. இருநூறு பக்கம் கீது, ஒருத்தன் ஒரு வாய் சோறு துன்னல. பொம்பளைங்க அழுதுகினே கீறாங்க. நான் எப்போ சார் அழுதுகினு இருந்தேன்? வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடவே நேரம் சரியாப் பூடுச்சு."

நாவல் எப்படி இருக்கிறது என்று செங்குட்டுவன் வீட்டுக்கு வந்து கேட்டபோதும் ரமாபாய் இதையேதான் சொன்னாராம்.

"படிக்கிறவங்களுக்கு இப்படி இருந்தாத்தான் புடிக்குது அண்ணி."

"அப்போ அவரு பேரை ஏன் நைனா வெச்சே?"

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனவர் அப்புறம் வரவில்லை. ஃபோனையும் எடுப்பதில்லை.

"கொஞ்சம் பதமா சொல்லிருக்கலாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் ரமாபாய். ரயில் எண்ணூரைத் தாண்டியிருந்தது. "எங்க வூட்ல துன்னு வளந்த புள்ள. நல்லாக்கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா இன்னும் வந்துகினு இருப்பான். பொய் சொல்ல வாய் வரல."

"நன்றாக ஒன்றுமே இல்லையா அதில்?" என்று கேட்டேன்.

ரமாபாய் தேடவில்லை. பிரித்ததும் அந்தப் பக்கம் வந்தது. காதுமடலில் ஒட்டிய கரித்தூளை ஈரத்துணியால் துடைத்து முடித்த பிறகே ஜெயவேல் தன் மகள் மகிழினியைத் தூக்குகிற இடம். முன்னால் இருந்த பக்கங்களை ஒரு கையாலும் பின்னால் இருந்தவற்றை மறு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் என் பக்கம் நீட்டினார்.