சித்தேரி இறக்கமும் ஒரு புங்கன் கிளையும்

போன திங்கட்கிழமை சாயங்காலம் நாலேகால் மணி. சித்தேரி மலையில் இறக்கம் ஆரம்பிக்கிற முதல் வளைவில், என் லேடீஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியாயிற்று. டிபன் பாக்ஸ் பை ஹேண்டில்பாரில். கீழே செக்போஸ்ட் வரைக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர் என்பார்கள். தார் கிடையாது, வெறும் சரளைக்கல். அந்த நேரத்தில் எதிரே ஒரு வண்டி வராது, பின்னாலும் வராது.

நாற்பது வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்கிறீர்களா? தேவைதான். சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு நான் டீச்சர் என்பது தெரியும். ஜூன் மாதம் என்னை மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் மேலே வரும் பஸ் உடனே கீழே திரும்பிவிடும். பொழுது சாய்ந்து வரும் பஸ் ராத்திரி மலையிலேயே தங்கிவிடும். அதாவது நான் வேலைக்குப் போகலாம்... வீட்டுக்குத் திரும்ப முடியாது! வாரம் முழுக்க நான் மேலே ஒரு ஒற்றை ரூமில். கீழே என் இரண்டு பெண்களும் அப்பா கிண்டிய உப்புமாவில்.

என் வீட்டுக்காரர் அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், என் ராஜினாமா கடிதத்தை அவரே டைப் அடித்து மேஜைமேல் வைத்தார். ஒரு தப்பு இல்லை. நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகக் குறி வேறு!

“புள்ளைங்க பாவம். வேலைய வுட்டுரு,” என்றார்.

“காலைல பஸ் மேல சைக்கிளப் போட்டுக்கிட்டுப் போறேன். சாயங்காலம் அதுலயே எறங்கி வந்துடறேன்,” என்றேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. சைக்கிள் எனக்குப் புதிதில்லை. மாரண்டஹள்ளியில் ஹைஸ்கூலுக்கு அதில்தான் போனேன். ஆனால் அது சமதரை.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“சரி, நாளைக்கி எறங்கிக் காட்டு. பொழுது சாயறதுக்குள்ள செக்போஸ்ட்டுக்கு முழுசா வந்து சேந்துட்டீன்னா நான் வாயே தொறக்கல. இல்லன்னா கையெழுத்து. ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேன்.”

இப்படித்தான் நான் அந்த வளைவில் வந்து நின்றேன். பக்கத்தில் சடையன், என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பா. சாமை மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு அவரும் சைக்கிளில் கீழே இறங்கத் தயாராக இருந்தார். மூட்டைக்குப் பின்னால் கயிறு கட்டி, ஆள் உயரத்துக்கு இலையோடு ஒரு கிளை... தரையில் கிடந்தது.

“டீச்சரம்மா, கெளை கட்டாம எறங்காதீங்க. பிரேக்குக் கட்டை உருவிப் போயிரும்,” என்றார். “இங்க எல்லாரும் கெளை கட்டித்தான் எறங்குவோம்.”

எனக்கு மானப் பிரச்சினை! ஒரு டீச்சர், ரோட்டைப் பெருக்கிக்கொண்டே மலை இறங்குவதா? “பிரேக் புதுசுங்க, நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. சைக்கிள் தானாக ஓடியது.

முதல் வளைவு... தாண்டினேன். இரண்டாவது... தாண்டினேன். இரண்டு பிரேக்கையும் உயிர்போகப் பிடித்திருந்தேன். மூன்றாவது வளைவுக்கு முன்னால் ரப்பர் கருகும் வாடை. பிரேக் பிடித்த கை பிடித்தபடியே இருக்கிறது. சைக்கிள் பாட்டுக்குப் போகிறது! வலது பக்கம் பள்ளம். “மாதாவே!” என்று கத்தி, இடது பக்கம் மண்மேட்டில் ஒடித்து, உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்தேன்.

முழங்கையெல்லாம் கீறல். எலும்பு முறியவில்லை. ஆனால் அழுகை வந்துவிட்டது. மேஜைமேல் இருந்த அந்தக் கடிதம்தான் கண்ணுக்குள் நின்றது.

கொஞ்ச நேரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சடையன் வந்து சேர்ந்தார். ‘நான் சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை... ஊஹூம். கொடுவாளை எடுத்தார். ஓரத்துப் புங்கன் மரத்தில் ஒரு கிளையை இறக்கி, என் கேரியரில் கட்டினார்.

“காஞ்சது ஆவாதுங்க. எலையோட பச்சையா இருந்தாத்தான் மண்ணப் புடிக்கும். சூடு ஆறட்டும், அப்பறம் எறங்கலாம். முன் பிரேக்கத் தொடாதீங்க. பின் பிரேக்க மட்டும் தொட்டுத் தொட்டு வுடுங்க. இறுக்கிப் புடிச்சா தேஞ்சிதான் போவும்.”

யோசித்துப் பாருங்கள்... பயம் வந்தால் நாம் முதலில் செய்வது என்ன? இறுக்கிப் பிடிப்பதுதான். சைக்கிளிலும் அப்படி, வீட்டிலும் அப்படி. என் வீட்டுக்காரரை நான் குற்றம் சொல்வதற்கில்லை.

அதற்குப் பிறகு இறங்கினேன் பாருங்கள்! கிளை பின்னால் சரசரவென்று இழுத்துப் பிடிக்கிறது. நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி வருகிறேன். சக்கரத்துக்கடியில் சரளைக்கல் தெறிக்கிறது. ஹாரன் இல்லை, புகை இல்லை, ‘ஓரம் போம்மா’ என்று அதட்ட ஒருத்தன் இல்லை. இரண்டு பக்கமும் மூங்கில். மரத்தில் இருந்த குரங்குகள்கூட ஒதுங்கி வழிவிட்டன. ஏழாவது வளைவில் வாய்விட்டு ‘ஓ’வென்று கத்தினேன். மலை திருப்பிக் கத்தியது. பின்னால் வந்த சடையனும் கத்தினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு சத்தமாக நான் சந்தோஷப்பட்டதில்லை. சத்தியம்!

ஐந்தரைக்கு செக்போஸ்ட். வெயில் இன்னும் மரங்களின் உச்சியில் இருந்தது.

“கெளைய இங்கயே போட்டுருங்க டீச்சர். காட்டு மரம் வெளிய போவக் கூடாது,” என்றார் அங்கே இருந்த ஃபாரஸ்ட் கார்டு. அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது. அதில் காய்ந்ததை எரித்துத்தான் அவருக்கு டீ கொதித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கம்பத்தைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

“மூணு மணிக்கே டவுன் பஸ்ல வந்துட்டாருங்க,” என்றார் கார்டு. “மலையவே பாத்துக்கிட்டு நிக்கறாரு. டீ குடுத்தா குடிக்க மாட்டேங்கறாரு.”

வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துப் பார்த்தார். “விழுந்தியா?”

“விழுந்தேன். எந்திரிச்சும் வந்துட்டேன்.”

கேரியரில் இருந்த கிளையை அவரே அவிழ்த்துப் போட்டுவிட்டு, “நாளைக்கிக் காலைல பஸ் மேல சைக்கிள ஏத்த ஆள் வேணுமில்ல? நான் வரேன்,” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்தவர்கள் அழக்கூடாது என்று சட்டமா என்ன?

அடுத்த டவுன் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவர் வழக்கம்போல ஹேண்டில்பாரில் கை வைத்து, “பின்னாடி உக்காரு,” என்றார்.

“நீங்க உக்காருங்க,” என்றேன்.

கார்டு பார்த்தார். சடையன் பார்த்தார். இவர் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தார்.

ஊர் எல்லை வந்ததும் குதித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். டீக்கடை, சலூன், ரேஷன் கடை வரிசை எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தது... மனுஷன் வீட்டு வாசல் வரைக்கும் இறங்கவே இல்லையே!